கடலோரத்திலும் செண்பகம் வளரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் கடலோரப் பகுதியான ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் தரைவீட்டில் (தோட்டத்துக்கு இடமுள்ள தனிவீட்டில்) இருப்பவர்கள் செண்பகம் வைக்கப்போகிறேன் என்றால், “உப்புக்காற்றுக்குத் தாங்காது, போகன்வில்லா வையுங்கள்” என்று நர்சரியிலேயே தடுத்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. உப்பு நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதே பக்கம் சிக்லாப்பில் எங்கள் செண்பகம் மதிலுக்கு உள்பக்கம் நிற்கிறது. கடல் பக்கம் ஒரு புன்னை. அதன் தடித்த, வழவழப்பான இலையை உப்பு ஒன்றும் செய்யாது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து மரமாக வருவது சும்மாவா? ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று தெற்கு, தென்கிழக்கிலிருந்து வீசும். அப்போது செண்பகத்தின் வெளிப்பக்க இலைகள் மட்டும் ஓரத்தில் பழுப்பேறிச் சுருளும். மழை இல்லாத நாள்களில் மாலையில் குழாய்த் தண்ணீரை இலைமேல் அடித்துக் கழுவிவிடுவேன். அடுத்த தளிர் பளபளவென்று வரும்.

மணல் மண் என்றால் மட்கிய உரம் நிறையக் கலக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஒட்டுச்செடியாக வாங்குங்கள், விதைச்செடி பூக்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். அப்புறம், இலையைத் தின்னும் பச்சைப் புழுவைப் பார்த்ததும் மருந்து அடிக்காதீர்கள். அது பச்சைப்புள்ளி வண்ணத்துப்பூச்சியின் புழு. நாலு இலை போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

கடலோர வீடுகளுக்கான தோட்டக் குறிப்புகளைத் தமிழ் முரசு நாளிதழ் மாதம் ஒருமுறையாவது வெளியிட்டால் நல்லது.

- வாசகி, சிக்லாப்