எங்கள் வை.எம்.சி.ஏ. உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

ரொறன்ரோ வை.எம்.சி.ஏ. என்ற இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் பணியாளர்கள், தொண்டர்கள், முகம் தெரியாத நன்கொடையாளர்கள் எல்லோருக்கும் ஸ்காபரோவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தின் வணக்கம்.

எங்கள் மூத்தவன் தேசிய உயிர்காப்பாளர் சான்றிதழ் பெற்று, இந்தக் கோடையில் ஒரு நீச்சல் தடாகத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். வாழ்த்துச் சொல்ல வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அவனுடைய கெட்டித்தனத்தைப் பற்றியே பேசினார்கள். கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் அந்த இடத்துக்குப் போய்ச் சேர எத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்பது வீட்டில் இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். அதை எங்கள் ஆட்களும் அறிய வேண்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன். மகள் ஆங்கிலத்தில் மாற்றி உங்கள் கையில் தருவாள்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வெளியில் சொல்லத் தயங்குவது அதைத்தான். என் கணவர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டபோது வீட்டில் இரண்டு பிள்ளைகள், வயதான மாமி, நாங்கள் இருவர். வாடகையைக் கட்டிய பிறகு சாப்பாட்டுக்கு மிஞ்சுவதே பெரும்பாடு. எதை நிறுத்தலாம் என்று கணக்குப் பார்த்ததில் முதலில் நின்றது வை.எம்.சி.ஏ. அங்கத்துவம். அதை ரத்துச் செய்யத்தான் முன்மேசைக்குப் போனேன். அங்கே நின்ற பிள்ளை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நிறுத்த வேண்டாம், கட்டணத்துக்கு உதவி இருக்கிறது" என்று ஒரு படிவத்தை எடுத்துத் தந்தாள். வருமான வரிக் கடிதத்தைக் காட்டினோம். மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்குச் சிரமம் இருக்காது என்று கேட்டார்கள். வேறு கேள்வி இல்லை.

எங்களிடம் இருந்தது மற்ற எல்லோரிடமும் இருக்கும் அதே அட்டை. வாசலில் அதைக் காட்டினால் வருவதும் அதே சத்தம். அரைக் கட்டணத்துக்கும் குறைவாகக் கட்டுகிறவர்கள் நாங்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கே வெகுகாலம் தெரியாது. உதவி கேட்டு வேறு இடங்களுக்கும் போயிருக்கிறேன். ஒரு பை அரிசிக்காகப் பத்துப் பேர் முன்னால் என் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. இங்கே ஒருவரும் எங்களைத் தலைகுனிய வைக்கவில்லை. இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதற்கு நன்றி சொல்ல மறக்கமாட்டேன்.

சரி, நீச்சலுக்கு வருகிறேன். நான் நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இலங்கையில் பிறந்தவள். ஆனாலும் எனக்கு நீச்சல் தெரியாது. கீரிமலைக் கேணியில் ஆண் பிள்ளைகள் குதித்து நீந்துவதைப் படியில் இருந்து பார்த்ததோடு சரி. கனடாவில் திரும்பிய பக்கமெல்லாம் ஏரி. கோடை வந்தால் பள்ளிக்கூடமே பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவையும் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மகன் முதல் வகுப்பில் தடாகத்தின் விளிம்பைப் பிடித்தவன் விடவே இல்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் நடுவில் நின்று விளையாடுகிறார்கள், இவன் அழுகிறான். சொல்லிக்கொடுத்த இளைஞன் இவனைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் வந்து, தானும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கூரையில் எத்தனை விளக்குகள் இருக்கின்றன என்று கேட்டான். எண்ணுவதற்கு இவன் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தான். பிள்ளை விளக்கை எண்ணியபடியே மிதந்தான். அடுத்த கிழமை அந்த இளைஞன் என்னிடம் வந்து "பயப்படாதே" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டுப் போனான். தடாகத்தின் மறுகரையில் இருந்து "பயப்பிடாதை, பயப்பிடாதை" என்று அவனுடைய குரல் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி, நீங்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்களோ தெரியாது. நீங்கள் மிதக்கப் பழக்கிய பிள்ளை இன்று மற்றப் பிள்ளைகளுக்குக் காவல் இருக்கிறான்.

பிறகு ஒட்டர், சீல், டொல்பின் என்று நீச்சல் வகுப்பின் ஒவ்வொரு படியாக ஏறினான். ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழுந்து, 1 நிமிடம் மிதந்து நின்று, 50 மீற்றர் நீந்திக் கரையேற வேண்டும். உயிர் தப்ப இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்று கனடாவின் உயிர்காப்புச் சங்கம் வைத்திருக்கும் அளவுகோல் அது. அதை அவன் செய்து முடித்த அன்று இரவுதான் நான் நிம்மதியாகப் படுத்தேன். எங்கள் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: கணக்கு ரியூசனுக்கும் பரதநாட்டியத்துக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தவறாத நாங்கள், நீச்சலை ஏன் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளி வைக்கிறோம்?

மாமியின் கதை வேறு. அவருக்கு முழங்கால் வருத்தம். தண்ணீருக்குள் நின்று செய்யும் உடற்பயிற்சி நல்லது என்று டொக்டர் சொல்லியும் வரமாட்டேன் என்றார். முதலாவது காரணம், உடுப்பு. இரண்டாவது, "அது வேதக்காரரின்ர இடம், எங்களுக்கு என்ன வேலை" என்றார். கிறிஸ்தவர்களைத்தான் அப்படிச் சொல்வார். கை நீளச் சட்டையும் முழுக் காற்சட்டையுமாக நீந்துவதற்கென்றே உடுப்பு இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு வரலாம் என்று அங்கே வேலை செய்யும் பெண் ஒருவர் காட்டித் தந்தார். சமயம் என்னவென்று இன்றுவரைக்கும் எங்களை யாரும் கேட்டதில்லை. மாமி திருநீற்றோடு வருவார், திருநீற்றோடு போவார். சீனாவிலிருந்து வந்த ஓர் அம்மாவும் ஜமேக்கா அம்மா ஒருவரும் அவருக்குக் கூட்டாளிகள். மூவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, ஆனாலும் கதை ஓயாது. வீட்டில் தனியே இருந்து ரீவி பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோன மனிசி, இப்போது செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு முன்னமே சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கிறார்.

மாமி சொன்ன அந்த "வேதக்காரரின் இடம்" எங்களுக்குப் புதிதும் அல்ல. 1844 இல் லண்டனில் துணிக்கடை ஊழியராக இருந்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் தன்னைப் போல வேலை தேடி நகரத்துக்கு வந்த இளைஞர்களுக்காகத் தொடங்கியது இந்தச் சங்கம். 1851 இல் மொன்றியலுக்கு வந்தது. வட அமெரிக்காவில் அதுவே முதலாவது. என் ஊர் வட்டுக்கோட்டை. அங்கே யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884 இலேயே மாணவர்களுக்கு வை.எம்.சி.ஏ. இருந்தது. ஊரில் மாலையானால் திடலை விட்டு வராமல் கரப்பந்தாட்டம் ஆடியவர் இவர். அந்த ஆட்டத்தை 1895 இல் உருவாக்கிய வில்லியம் மோர்கன், அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊர் வை.எம்.சி.ஏ.யில் வேலை செய்தவர் என்று மகன் சொன்னபோது இவருக்கு நம்பவே முடியவில்லை. கூடைப்பந்தாட்டத்தை 1891 இல் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்தும் வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர்தான், பிறந்தது எங்கள் ஒன்ராறியோவில். வேலை இல்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில் இவரை வெளியே இழுத்ததும் அங்கே நடந்த கரப்பந்தாட்டம்தான். சீனி வருத்தமும் ஓரளவு கட்டுக்குள் வந்தது.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் உயர்பள்ளியை முடிக்க 40 மணித்தியாலம் தொண்டு செய்ய வேண்டும். அதற்காகக் கோடை முகாமுக்குச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கப் போனவள், 40 முடிந்த பிறகும் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை அங்கே முப்பது குழந்தைகள் முன்னால் நின்று பாடுகிறாள் என்று முகாம் பொறுப்பாளர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

என் சொந்தக் கடன் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஆங்கில மட்டத்தைச் சோதிக்க என்னை அனுப்பியது வை.எம்.சி.ஏ. மையத்துக்குத்தான். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கையும் பார்த்து, எந்த வகுப்பில் சேரலாம் என்று தாளில் எழுதித் தந்தார்கள். பேசும் சோதனையில் எனக்கு வாய் கட்டிவிட்டது. சோதித்த அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் ஊரில் என்ன மரங்கள் நிற்கும் என்று கேட்டார். பனையைப் பற்றித் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் சொல்லி முடித்தேன். சோதனையும் அதோடு முடிந்திருந்தது.

இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்கு: கையில் காசு இல்லை என்று வாசலோடு திரும்பாதீர்கள், உதவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நன்கொடையாளர்களுக்கு: இவருக்கு இப்போது நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வாரங்களுக்கு முன்னர் முழுக் கட்டணத்துக்கு மாறினோம். அதோடு, அந்த உதவி நிதிக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகையும் எங்கள் கணக்கிலிருந்து வரும். அது எந்தக் குடும்பத்துக்குப் போகிறது என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

மிக்க நன்றியுடன்,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
ஸ்காபரோ