வாவி பையைத் தின்னாது

ஆசிரியர் அவர்களுக்கு,

'பிளாஸ்டிக்கைத் தின்னும் ஏரிப் பக்டீரியா' என்று சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட செய்தி, கொழும்பின் பேர வாவிக் கரையிலுள்ள எங்கள் கொம்பனித்தெருவில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. "இனிப் பேர வாவியைக் கிருமியே பார்த்துக்கொள்ளும்" என்கிறார் எங்கள் தெருக் கடைக்காரர். பாதிப் பழி தங்கள் தலைப்பைச் சாரும்.

அந்தச் செய்திக்கு அடிப்படையான, 2022இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், பிளாஸ்டிக் ஷொப்பிங் பைகள் ஊறிய நீரை ஸ்கண்டிநேவியாவின் 29 ஏரிகளின் நீரில் கலந்தார்கள். பக்டீரியாவின் பெருக்கம் 2.29 மடங்கானது. ஏரியில் இயல்பாகக் கரைந்திருக்கும் காபனைவிடப் பையிலிருந்து கசிந்த காபன் அவற்றுக்கு எளிதில் செரித்தது. அவை உண்டது பை ஊறிய சாற்றை, பையை அல்ல.

வாவிக் கரையில் விழும் அரச இலையைப் பாருங்கள். பங்கசுகள் அதை இளக்க, பக்டீரியாக்கள் சேர்ந்துகொள்ளும். மென்பகுதி போய், இலிக்னின் என்ற கடினப் பொருள் ஏறிய நரம்புகள் மட்டும் வலையாக நிற்கும். பிறகு அவையும் மெல்ல மக்கும். பக்கத்தில் கிடக்கும் பையை வழுவழுப்பான படலம் மூடியிருக்கும். துடைத்தால் கடையின் பெயரை வாசிக்கலாம்! இலையிலுள்ள செலுலோசு என்ற நார்ப்பொருளை வெட்டும் நொதியங்கள் நுண்ணங்கிகளிடம் தொன்றுதொட்டே உண்டு. பையின் பொலித்தீனோ காபனும் ஐதரசனும் மட்டுமான நெடுஞ்சங்கிலி. நொதியம் பிடித்து வெட்ட வாகான இணைப்பு அதில் இல்லை. 2016இல் ஜப்பானியர் அறிவித்த புகழ்பெற்ற பக்டீரியாவும் தண்ணீர்ப் போத்தல் செய்யும் 'பெற்' வகையைத்தான் உடைக்கிறது. அதுவும் ஆய்வுகூடத்தில், ஒரு மெல்லிய படலத்துக்கு ஏறத்தாழ ஆறு வாரம் எடுத்துக்கொண்டு.

இன்னொன்று. வேறு இலகுவான உணவு எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அந்த ஏரிகளிலேயே விளைவு மாறியது. கழிவுநீர் கலந்து பச்சையாகிப்போன நம் வாவிக்கு அந்தக் கணக்கை அப்படியே போடமுடியாது. பக்டீரியா பெருகினால் அது சுவாசிக்கும் ஒட்சிசனும் கூடும். மீனுக்கு மிஞ்சுவது குறையும். இதை நம் பல்கலைக்கழகம் ஏதேனும் பேர வாவி நீரிலேயே சோதித்துப் பார்க்கலாம், ஸ்கண்டிநேவியாவுக்குப் போகவேண்டியதில்லை.

அதுவரை, வடிகான்கள் வாவியில் சேரும் இடங்களில் வலை போட்டு, அதை ஒழுங்காகத் துப்புரவு செய்தாலே போதும். சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் நேற்று நான் வாங்கிய சோற்றுப் பார்சல் மெல்லிய பொலித்தீன் தாளில்தான் சுற்றியிருந்தது. அந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்று தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி விசாரித்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கொழும்பு 02