ஷூவுக்குள் நேற்றைய பேப்பர்

மந்தைவெளி
கார்த்திகை கடைசி ஞாயிறு, மதியம்

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. பார்சல் கட்டி முடிந்தது, மேலே வைக்கத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரம் "இந்த வயசுல மழையில எதுக்கும்மா ஓடணும்?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். எனக்கும் கோபம். அது ஆறுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

எதிர்வீட்டு மாமி சொல்லித்தான் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆமாம், விழுந்தேன். இடது முழங்கால் சிராய்ந்தது, உள்ளங்கையில் தோல் உரிந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பிளாஸ்திரி ஒட்டிய கையோடு கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணினேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது தப்புதான். எப்படி விழுந்தேன் என்று சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் வேறு சிலதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஓடும் தடம் உனக்குத் தெரியும். வீட்டிலிருந்து சாந்தோம், கலங்கரை விளக்கம், அங்கிருந்து காமராஜர் சாலையோடு காந்தி சிலை, விவேகானந்தர் இல்லம், உழைப்பாளர் சிலை, நேப்பியர் பாலம். போய்த் திரும்பினால் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். நாலே முக்காலுக்குக் கிளம்பினால்தான் எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க முடியும். தடமும் நேரமும் மாறுவதில்லை, வானம் மட்டும் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருப்பதில்லை. நம்ம ஊரில் மழை மட்டும்தான் தொந்தரவு என்று நீ நினைக்கிறாய். என்னைக் கேட்டால் மே மாதம்தான் மோசம். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை என்பதால் இன்னும் மோசம்.

கத்திரியில் விடிகாலை ஐந்து மணிக்கே 29 டிகிரி இருக்கும். வெயில் வரவில்லையே என்று நாம் நிம்மதியாகக் கிளம்புவோம். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்து கிடக்கும். வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது, காய்ந்தால்தான் குளிரும். கொடியில் போட்ட துணியே காயாத காற்றில் வியர்வை மட்டும் எப்படிக் காயும்? ஒரு நாள் ஓடப் போகுமுன் எடை பார்த்தேன், 61.4. எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன், 60.3. நடுவில் குடித்த அரை லிட்டர் தண்ணீரையும் சேர்த்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் வியர்வையாகப் போயிருக்கிறது. ஷூவைக் கழற்றிச் சாய்த்தால் சொட்டியது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

போன வருஷம் அந்த மாதத்தில்தான் காந்தி சிலைக்குப் பக்கத்தில் எனக்குக் கையெல்லாம் புல்லரித்தது. அப்பாடா, குளிர்கிறதே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி. தினமும் எதிரே ஓடி வரும் பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்தவுடன் நின்றுவிட்டார். "உட்காரும்மா, முதல்ல உட்காரு" என்று அதட்டி, தன் பாட்டில் தண்ணீரை என் பிடரியில் ஊற்றினார். அவ்வளவு புழுக்கத்தில் குளிர் எடுத்தால், உடம்பு சூட்டைச் சமாளிக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தமாம். அன்றிலிருந்து இடுப்புப் பட்டையில் வெறும் தண்ணீர் கிடையாது, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறுதான். மே, ஜூனில் வாட்சையும் பார்ப்பதில்லை. ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்வேன். "எட்டுப் பதினாறு நூற்றி இருபத்தெட்டு" வரைக்கும் மூச்சு வாங்காமல் வந்தால் வேகம் சரி. நடுவில் திக்கினால் நடப்பேன். கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். மார்கழியில் அதே கால்கள் ஏழு நிமிஷத்தில் ஓடும்.

இனி மழைக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து ஏறி வரும் மழைக்கு விடிகாலைதான் பிடித்த நேரம். நான் கிளம்பும் நேரமும் அதுதான். அதனால் நாலரைக்கு எழுந்ததும் காபிக்கு முன்னால் ரேடார் படம் பார்ப்பேன். வானிலை ஆய்வு மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கையையும் பார்க்கிறேன், 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் எழுதுவதையும் படிக்கிறேன். ஆனால் எத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்பது ஏரிக்கு வேண்டிய கணக்கு. எத்தனை மணிக்குப் பெய்யும் என்பதுதான் எனக்கு வேண்டும், அதை யாராலும் மாவட்டக் கணக்கில் சொல்ல முடியாது. ஆரஞ்சு போட்ட நாளில் நட்சத்திரம் தெரிந்திருக்கிறது, ஒன்றுமே சொல்லாத நாளில் லைட்ஹவுஸ் தாண்டுவதற்குள் கொட்டியிருக்கிறது. ரேடாரில் கடல் மேல் பச்சையாக ஒரு திட்டு தெரிந்தால், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று நாலைந்து படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பேன். அப்பா கட்டிலிலிருந்தே கேட்பார்: "என்ன, உத்தரவு வந்துதா?"

தூறலுக்கு நான் திரும்புவதில்லை. தொப்பி ஒன்று போதும், கண்ணில் தண்ணீர் விழாது. இடிக்குத் திரும்பிவிடுவேன். மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வெட்டவெளியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது ஆக வேண்டும். மெரினாவில் மணலுக்கும் சாலைக்கும் நடுவே ஓடுகிறவள் வெட்டவெளியில்தான் இருக்கிறாள், யோசித்துப் பார். ஐப்பசியில் ஒரு நாள் பதினெட்டு எண்ணுவதற்குள் இடித்தது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். சொட்டச் சொட்ட ஏறிய என்னைப் பார்த்து டிரைவர் சீட்டில் பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டு, "ஓடத்தானே வந்தீங்க, அப்புறம் எதுக்கு ஆட்டோ?" என்றார். எண்பது ரூபாய். அன்றைக்கு நான் ஓடியது மூன்று கிலோமீட்டர். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இதையெல்லாம் தெரிந்தவள்தான் விழுந்தேன், மலர்.

ஜனவரியில் 21.1 கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டத்தில் 18 என்று போட்டிருந்தது. அதற்கு முந்தின வாரம் மழையால் இரண்டு கட்டங்கள் காலி. உழைப்பாளர் சிலைக்கிட்டே வரும்போது தூறல் வலுத்தது. இடி இல்லை. பஸ் ஒன்று சேற்றுத் தண்ணீரை என் மேல் வாரி அடித்ததும் சாலையை விட்டு நடைபாதையில் ஏறினேன். அங்கே பதித்திருக்கும் வழவழப்புக் கல்லில் மழை நாளில் கால் வைக்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்வேன். ஏறினேன், வேகத்தைக் குறைக்கவில்லை, வழுக்கியது. விழுந்ததும் நான் முதலில் பார்த்தது முழங்காலை இல்லை, வாட்சை. 15.6. எழுந்து இன்னும் முந்நூறு மீட்டர் ஓடினேன். ரத்தம் சாக்ஸ் வரைக்கும் வந்த பிறகுதான் நின்றேன். அந்த முந்நூறு மீட்டரை மாமியிடம் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. நீ திட்ட வேண்டுமானால் மழையில் ஓடியதற்குத் திட்டாதே, இதற்குத் திட்டு.

2018 பாஸ்டன் மாரத்தானைப் பற்றி நான் அடிக்கடி பேசுவதைக் கிண்டல் செய்வாய். இருந்தாலும் சொல்கிறேன். ஏப்ரல் 16, கொட்டும் மழை, எதிர்காற்று, நடுங்க வைக்கும் குளிர். பெரிய பெரிய ஆட்கள் பாதியில் விலகினார்கள். ஆண்களில் ஜெயித்த யூகி கவாவுச்சி, அப்போது ஜப்பானில் சைதாமா மாகாணத்துப் பள்ளிக்கூடமொன்றில் கிளார்க். 2 மணி 15 நிமிஷம் 58 நொடி. பெண்களில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ் அப்போது அரிசோனாவில் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ். இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டே ஓடினவர்கள். எட்டேகால் பஸ் பிடிக்கிற எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கவாவுச்சியின் கதையைப் படித்துவிட்டுத்தான் அந்த ஞாயிறு நான் நிற்காமல் ஓடினேனோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் அந்த வருஷம் ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் உறைபனிக் குளிரில் ஒரு மாரத்தான் ஓடியவர். நான் மந்தைவெளி.

உன் விஷயத்துக்கு வருகிறேன். எடின்பரோவில் இப்போது மூன்றே முக்காலுக்கே இருட்டிவிடுகிறது என்றாய். விடிவதும் எட்டரைக்கு மேல். ஆபீசுக்கு முன்னாலும் இருட்டு, பின்னாலும் இருட்டு. அப்படியானால் போர்ட்டோபெல்லோ கடற்கரைப் பக்கமெல்லாம் சனி, ஞாயிறு பகலில் மட்டும் போ. வார நாளில் மெடோஸ் பூங்காவில் விளக்கு இருக்கும் பாதையே போதும், பத்துச் சுற்று சுற்றினாலும் பரவாயில்லை. காற்று அடிக்கிற நாளில் போகும்போது எதிர்காற்றில் போ, திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொள். மாற்றிச் செய்தால் வியர்த்த உடம்போடு வரும்போது நெஞ்சில் குளிர் அடிக்கும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் கடலிலிருந்து ஏறி வரும் மூடுபனிக்கு உங்கள் ஊரில் 'ஹார்' என்று பேர் என்றாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. அங்கே வந்தால் அதில் ஒரு நாள் ஓட வேண்டும்.

அப்புறம், தரையில் உறைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்குமே பனிக்கட்டி, அதில் ஓடாதே. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. போன மாதம் ஒரு வாரம் முழுக்க "நெட் சரியில்லம்மா" என்று வீடியோவைப் போடாமல் பேசினாய். எட்டாம் நாள் வீடியோவில் வந்தபோது காபி கோப்பையை இடது கையால் எடுத்தாய். நீ வலது கைக்காரி. நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது என் முழங்காலிலும் கட்டு இருந்தது.

பார்சலில் பருப்புப் பொடி, கறிவடகம், நாரத்தங்காய் ஊறுகாய் இருக்கின்றன. ஊறுகாய் பாட்டிலை மூன்று பை போட்டுக் கட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் என் ஷூ காய இரண்டு நாள் ஆகும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுப் போகும், நீயும் வைக்காதே. உள்ளட்டையை வெளியே எடுத்துவிட்டு, பேப்பரைக் கசக்கி விரல் நுனி வரை திணி, இரண்டு மணி நேரம் கழித்து மாற்று. பளபளப்புத் தாள் உறிஞ்சாது, செய்தித்தாள்தான் சரி. உங்கள் ஊரில் யாரும் பேப்பர் வாங்குவதில்லை என்றாய். அதனால்தான் பார்சலில் இடுக்கெல்லாம் தமிழ்ப் பேப்பராகத் திணித்து வைத்திருக்கிறேன், குப்பையில் போட்டுவிடாதே. எல்லாம் அப்பா குறுக்கெழுத்து போட்டு முடித்த பக்கங்கள். ஒன்றில் மட்டும் இடமிருந்து வலம் பதினொன்று காலியாக இருக்கிறது. அதை ஷூவில் வைக்குமுன் விடையை எழுதி அனுப்பச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா