லொரென்சாச்சியோவுக்குத் தோள் குடுத்தவங்களுக்கு

வணக்கம் மக்களே, நம்ம 'லொரென்சாச்சியோ' நாடகம் நல்லபடியா முடிஞ்சுது, ஆளாளுக்கு போன் போட்டு நன்றி சொல்ல முடியல, அதான் இங்கயே பொதுவா சொல்லிடறேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்ஃப்ரெட் தெ முஸ்ஸே இத மேடைக்குன்னு எழுதவே இல்லங்க. 1830ல பாரிஸ் ஓதியோன் தியேட்டர்ல அவரோட வேற ஒரு நாடகத்த கூச்சல் போட்டே காலி பண்ணிட்டாங்க, மனுஷன் கடுப்பாகி இனிமே படிக்கறதுக்கு மட்டும்தான் நாடகம்னு எழுத ஆரம்பிச்சிட்டாரு. 1834ல வந்த இதுல முப்பதுக்கும் மேல சீன், இத்தாலியோட ஃப்ளாரன்ஸ் ஊரே உள்ள நடமாடும். அவர் செத்து 39 வருஷம் கழிச்சு, 1896ல தான் நடிகை சாரா பெர்னார்ட் ஆம்பள வேஷம் கட்டி மேடையேத்துனாங்க, அதுலயும் அஞ்சாவது அங்கம் போச்சு.

அந்த அஞ்சாவது அங்கத்த விடவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்ன நம்ம டைரக்டர் அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. ஃப்ளாரன்ஸ ஆள்ற மெடிச்சி குடும்பத்து டியூக்க நம்ம ஹீரோ லொரென்சோ (அவனத்தான் லொரென்சாச்சியோம்பாங்க) கொன்னாச்சு, அப்புறமும் ஒண்ணும் மாறல, இன்னொரு மெடிச்சி வந்து பதவில உக்கார்றான், நாடகமே அங்கதான இருக்கு! செக்கோஸ்லோவாக்கியால சோவியத் டாங்கி நுழைஞ்ச மறுவருஷம், 1969ல, அங்க பிராக்ல டைரக்டர் க்ரெய்ச்சா இத எடுத்துப் போட்டது சும்மாவா?

அடுத்தது மேல் வீட்டு அக்கா. டியூக்கோட இரும்பு வளையச் சட்டைய வாடகைக்குக் கேட்டா சொன்ன ரேட்டுல தலை சுத்திடுச்சு, அக்கா தடிச்ச சாம்பல் நூல்ல ஸ்வெட்டர் மாதிரி பின்னி வெள்ளி ஸ்ப்ரே அடிச்சுக் குடுத்தாங்க, லைட்டு பட்டதும் அசல் இரும்பு தோத்துது போங்க (கிட்ட போனா கம்பளி வாசன, அது டியூக்குக்கு மட்டும்தான் தெரியும்).

பாரிஸ் லா ஷப்பேல்ல கடைய அடைச்சப்புறம் கீழ் ரூம ஒத்திகைக்கு விட்ட அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, அரிசி மூட்டைங்களுக்கு நடுவுலதான் கத்தி பழகுனோம், லொரென்சோ உருவுன கத்தியப் பாத்து மயங்கி விழற சீன்ல அண்ணன் நெஜம்னு நெனச்சு தண்ணி பாட்டிலோட ஓடி வந்தாரு. அப்புறம் லைட்டு புடிச்ச தம்பிங்க, டிக்கெட் கிழிச்ச பசங்க, மழைலயும் வந்து உக்காந்தவங்க, எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.

ஹால் டெபாசிட் திரும்ப வந்துடுச்சு, வேன் வாடகை போக மிச்சத்துல ஞாயித்துக்கிழம எல்லாரும் சாப்பிடலாம். வரும்போது பையத் தேடிப் பாருங்க, போருக்குப் போடறதா காதலுக்குப் போடறதான்னு டியூக்கு கேப்பாரே, அந்த க்ளவுஸ்ல வலது கைய காணோம்.