மலையேறும் ஓட்டப் பயிற்சி: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் ஜனவரியில் பள்ளி மாணவர்களுக்கு நடக்கவிருக்கும் மலையேறும் ஓட்டப் போட்டிக்கு நம் பிள்ளைகளை அனுப்பலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சேரலாம். பயிற்சி சனிக்கிழமை காலையில், மலைப்பாதையில் நடக்கும். மலைப்பாதை என்றதும் உங்களில் பலருக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். அதையே முதலில் பேசிவிடுகிறேன்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீ 23 பேரின் உயிரைப் பறித்தது. போடியில் இருக்கும் நமக்கு அது வெறும் செய்தி இல்லை. காயம்பட்டவர்களை மலையிலிருந்து தூக்கி இறக்கியதில் நம் பக்கத்து ஊர்க்காரர்களும் இருந்தார்கள். மார்ச் மாதம் அந்தச் சரிவில் புல் சருகாகக் காய்ந்து நிற்கும். மேட்டை நோக்கிப் போகும் தீ சமவெளித் தீயைவிட வேகமாகப் பரவும். மேலே ஓடித் தப்பிப்பது மனிதர்களால் ஆகாது. அதனால் நம் பயிற்சி ஜனவரியோடு முடிந்துவிடும். பிப்ரவரி முதல் கோடை மழை நன்றாகப் பெய்து முடியும் வரை எந்தப் பிள்ளையும் பள்ளியின் பெயரால் மலையேறாது. போட்டித் தேதி தள்ளிப்போய் அந்த மாதங்களில் வந்தால் நாம் கலந்துகொள்ள மாட்டோம்.

வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுப்பாதையில் கால் வைக்க மாட்டோம். வழக்கமான பயிற்சி பரமசிவன் கோவில் மலையிலும், உரிமையாளர் எழுத்தில் சம்மதம் கொடுத்த தோட்டப் பாதைகளிலும்தான். போடிமெட்டுச் சாலை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் காலையில் அந்தக் கொண்டைஊசி வளைவுகளில் எப்படித் திரும்பும் என்பது, தினமும் அதில் போய்வரும் உங்களுக்கே தெரியும். நன்றாக விடிந்த பிறகு, ஆறரை மணிக்குத்தான் புறப்படுவோம். இருட்டோடு கிளம்பினால் காட்டுமாடு எதிரில் நிற்கும். முன்னால் உடற்கல்வி ஆசிரியர், கடைசியில் இன்னொரு ஆசிரியர் வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு விசில் இருக்கும்.

சரி, இவ்வளவு கவலையோடு ஏன் மலைக்குப் போக வேண்டும், மைதானத்தில் ஓடினால் போதாதா என்று கேட்கலாம். மைதானத்தில் ஓடிப் பழகிய உடம்புக்கு மலை புரியாது. சமதளத்தில் ஜெயிப்பது வேகம். செங்குத்தான ஏற்றத்தில் ஓடுவதைவிட விரைந்து நடப்பதற்குச் சக்தி குறைவாகச் செலவாகும். பெரிய வீரர்களே அங்கே ஓட்டத்தை விட்டு நடப்பார்கள். எந்த இடத்தில் ஓட வேண்டும், எந்த இடத்தில் நடைக்கு மாற வேண்டும் என்று கால்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட முடியாது.

கோவில் மலையில் நடந்த முதல் பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். விசில் ஊதியதும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பாய்ந்து ஓடினார்கள். முதல் திருப்பம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்கள். முந்தலிலிருந்து வரும் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். மேடு செங்குத்தானதும் முதுகைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, உள்ளங்கையைத் தொடையில் ஊன்றி, சின்னச் சின்ன எட்டாக வைத்தாள். பார்வை தரையை விட்டு நகரவில்லை. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முன்னால் இரண்டே பேர்தான் இருந்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "அம்மாச்சி சுமையோட இப்படித்தான் சார் ஏறும்" என்றாள். உடற்கல்வி ஆசிரியர் அவளை மறுபடி ஏறிக் காட்டச் சொல்லி, மற்றவர்களைப் பார்க்க வைத்தார்.

நம் ஊர்க் கால்களுக்கு இந்த மலை புதிதில்லை. மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிய காலத்திலும், ஆட்கள் ஏறி இறங்கியது இந்தச் சரிவுகளில்தான். உலக அளவில் மலை ஓட்டத்துக்கு 1985 முதல் போட்டிகள் நடக்கின்றன. 2025இல் ஸ்பெயின் நாட்டின் கான்ஃபிராங்கில் நடந்த உலகப் போட்டியில், ஏறுவதற்கு மட்டுமென்றே தனி ஓட்டம் இருந்தது. இதில் ஓடினால் வேலை கிடைக்கும், கோட்டா கிடைக்கும் என்றெல்லாம் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால், தாத்தா பாட்டி பிழைப்புக்காக ஏறிய மலையில் பேரப்பிள்ளை ஆசைப்பட்டு ஓடுவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

மூட்டு தேய்ந்துவிடுமா என்று சில அப்பாக்கள் கேட்டார்கள். மூட்டில் அதிக அடி விழுவது இறங்கும்போதுதான். ஏறும்போது பாதம் தரையில் மோதும் வேகம் குறைவு. சுமை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணுக்கும் போகும். அதனால் இறக்கத்தில் எல்லோரும் நடந்துதான் வருவார்கள், பந்தயம் கிடையாது. மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பயப்பட வேண்டாம். வளரும் வயதில் குதிகால் வலி தொடர்ந்து இருந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஓய்வு கொடுப்போம். ஏறும்போது பக்கத்தில் இருப்பவரோடு நாலு வார்த்தை பேச முடிகிற வேகம்தான் முதல் இரண்டு மாதத்துக்கு அளவு.

விலை உயர்ந்த ஷூ வாங்க வேண்டாம். அடிப்பாகம் வழுக்காத பழைய ஷூ போதும். கால் நகத்தை மட்டும் வெட்டி அனுப்புங்கள். பையில் ஒரு காய்ந்த சட்டை இருக்கட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர் கூடும், வியர்த்த உடம்பில் காற்று பட்டால் நடுங்கும். காலையில் வாழைப்பழமோ கேழ்வரகுக் கூழோ கொடுங்கள். வயிறு முட்ட இட்லி வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மேட்டில் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள், இரத்தசோகையாக இருக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினாளா என்று கேளுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. மாதவிடாய் நாட்களில் வருவதா வேண்டாமா என்பது அவள் விருப்பம். வரவில்லை என்றால் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு மலை எதுக்கு" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். விடியற்காலை ஜீப்பேறி அதே மலைக்குத்தான் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள்.

இத்துடன் சம்மதப் படிவம் இணைத்திருக்கிறேன். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, தேனீ கொட்டினால் உடம்பு வீங்குவது என்று எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அதற்காகப் பிள்ளையை ஒதுக்க மாட்டோம், மருத்துவரிடம் கேட்டு வேறு பொறுப்பு கொடுப்போம். வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பள்ளியில் கூட்டம். தோட்டப் பாதைகள் பழக்கமான அப்பாக்களும் அம்மாக்களும் அவசியம் வாருங்கள்; சனிக்கிழமைகளில் முறை வைத்து எங்களோடு மலையேற நாலைந்து பேர் வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்