டெட்ராய்ட்டுக்குத் தெற்கே இருந்து ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக் கொல்லையில் நான் பேசியது கொஞ்சம் அதிகம்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் பக்கத்து வீட்டுக்காரர் சோளக்கதிரைத் தணலில் திருப்பிப் போட்டுக்கொண்டே, "விண்ட்சரில் இருந்தா வருகிறீர்கள்? அங்கே டாக்டரைப் பார்க்க ஆறு மாதம் ஆகுமாமே?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். நான் பிடித்துக்கொண்டேன். கதிர் கருகும்வரை விடவில்லை. மருத்துவத்தில் தொடங்கி, துப்பாக்கி, பிரசவ விடுப்பு, கல்லூரிக் கடன் என்று ஒரு சுற்று சுற்றி முடித்தபோது அவர் கையிலிருந்த பீர் வெந்நீராகியிருக்கும்.

நான் காரில் ஏறும்போது நீ சொன்னாய்: "அண்ணே, நீங்க அசல் கனடாக்காரர் ஆயிட்டீங்க. உங்களுக்கு எந்நேரமும் எங்க நினைப்பு. எங்களுக்கு உங்க நினைப்பே வர்றதில்ல."

பாலம் ஏறும்வரை கோபமாகத்தான் இருந்தது. எல்லைச் சோதனை வரிசையில் இருபது நிமிடம் நின்றதில் கோபம் ஆறி, நீ சொன்னது சரிதானே என்று பட்டது. வாட்ஸப்பில் அனுப்பினால் மூன்று வரிக்கு மேல் நீ படிக்கமாட்டாய். அதனால் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். நாலு பேர் படித்துவிட்டார்கள் என்றால் நீயும் படித்தாக வேண்டும்.

முதலில் ஒன்று. நீ "எங்களுக்கு" என்றாய். உனக்கு இன்னும் கிரீன் கார்டே வரவில்லை. 2023 ஜூலையில், அமெரிக்காவில் வேலை செய்யும் எச்1பி விசாக்காரர்களுக்குக் கனடா 10,000 வேலை அனுமதி தருகிறோம் என்றதும், ராத்திரி எனக்கு மூன்று முறை போன் செய்தவன் நீ. இரண்டே நாளில் அத்தனையும் முடிந்துபோனது. நான் மட்டும் என்ன, வந்து இருபது வருஷம்கூட முழுதாக ஆகாதவன், "நாங்கள்" என்று மார் தட்டுகிறேன். வந்த நாட்டின் குடியுரிமை கைக்கு வருமுன்பே அந்த நாட்டின் வீம்பு வந்துவிடுகிறது பார்.

எங்கள் நினைப்புக்கு எங்கள் ஊரின் அமைப்பும் ஒரு காரணம். கனடா என்றால் வடக்கே இருப்பது என்றுதான் எல்லாரும் எண்ணுவார்கள். இங்கே எல்லையாக ஓடும் ஆறு வளைந்து போவதில் விண்ட்சர் தெற்கே விழுந்துவிட்டது, டெட்ராய்ட் வடக்கே. காலையில் ஆற்றங்கரையில் நடக்கப் போனால் கண்ணெதிரே நிற்பது அமெரிக்கா. ஆறு ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. மறுகரையில் நிற்பவர் எங்கள் பக்கம் திரும்பினால் ஒரு சூதாட்ட விடுதி விளக்கைத் தவிரப் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் எதற்குத் திரும்புவார்?

எங்கள் பட்டறையில் கார்களின் பிளாஸ்டிக் பாகங்களுக்கு மோல்டு, அதாவது வார்க்கும் அச்சு, செய்கிறோம் என்பது உனக்குத் தெரியும். மோல்டு டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்துக்குப் போகும், அதில் வார்த்த பாகம் திரும்பி வந்து விண்ட்சரில் பூட்டும் மினிவேனில் ஏறும், அந்த வண்டி மறுபடி அமெரிக்காவுக்கே விற்பனைக்குப் போகும். காலை டீ நேரத்தில் பேச்சு டெட்ராய்ட்டின் பேஸ்பால் அணியான டைகர்ஸின் ஆட்டத்தைப் பற்றி, டெட்ராய்ட் டிவியில் வந்த கொலையைப் பற்றி. இதெல்லாம் பேசிவிட்டு, "நல்லவேளை, நாம் அவர்கள் இல்லை" என்று முடித்துக் கோப்பையைக் கழுவுவார்கள்.

இந்த "அவர்கள் இல்லை" புதிதல்ல. 1783-இல் அமெரிக்கப் புரட்சி முடிந்தபோது, பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று தோற்றவர்கள் பல்லாயிரம் பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். நாட்டுக்குப் போட்ட அஸ்திவாரத்திலேயே ஒரு கல் அது. அங்கே சுதந்திரப் பிரகடனத்தில் உயிர், விடுதலை, மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்று எழுதினார்கள். இங்கே நாட்டை உருவாக்கிய 1867 சட்டத்தில் அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி என்று எழுதினார்கள். முனிசிபாலிட்டி அறிவிப்புப் பலகைபோல் இருக்கிறது என்று நீ ஒருமுறை கேலி செய்தாய். எனக்கு அந்தப் பலகை பிடிக்கும்.

சரி, கேலிக்கு வருகிறேன். 2000-இல் ஜார்ஜ் புஷ் உங்கள் மிச்சிகனில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கனடா டிவியின் நகைச்சுவைக்காரர் ஒருவர் செய்தியாளர்போல் கூட்டத்தில் புகுந்து, "கனடா பிரதமர் ழான் பூட்டீன் உங்களை ஆதரிக்கிறார்" என்றார். புஷ்ஷும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். பூட்டீன் என்பது வறுத்த உருளைக்கிழங்கின்மேல் சீஸ் கட்டியைப் போட்டுக் குழம்பு ஊற்றித் தரும் பண்டம். அன்றைய பிரதமர் ழான் கிரெட்டியன். நம் ஊரில் ஒருவர் போய் "முதலமைச்சர் மசால்வடை உங்களை ஆதரிக்கிறார்" என்று சொன்ன மாதிரி. இந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். பட்டறையில் இதை எனக்கு முதன்முதலில் சொன்னவரிடம், மிச்சிகனின் தலைநகரம் எது என்று கேட்டேன். டெட்ராய்ட் என்றார். லான்சிங் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம்.

இப்போது மருத்துவம். உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். போன வருஷம் என் முழங்காலுக்கு எம்ஆர்ஐ எடுக்க ஏழு மாதம் காத்திருந்தேன். ஆறு மாதம் என்று அவர் கேட்டது எனக்கு ஏன் சுட்டது என்று புரிகிறதா? அவர் ஒரு மாதம் குறைத்துச் சொல்லியிருந்தார்.

மகள் பிறந்தபோதோ மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வெளியே வந்தோம். என் பையிலிருந்து போனது பார்க்கிங் காசு மட்டும். இரண்டும் ஒரே அரசு மருத்துவ அட்டையில்தான் நடந்தது. ஆனால் அவரிடம் பேசும்போது எனக்கு இரண்டாவது கதை மட்டும் நினைவுக்கு வந்தது. உன்னிடம் அலுத்துக்கொள்ளும்போது முதல் கதை மட்டும்.

அமெரிக்கர்கள் பலர் கனடா டாக்டர்களெல்லாம் அரசாங்க ஊழியர்கள் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலானோர் சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள், பில்லை மட்டும் மாகாண அரசுக்கு அனுப்புகிறார்கள். அதுவும் சுலபமாக வந்துவிடவில்லை. 1962-இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் முதன்முதலாக இந்த அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைக் கொண்டுவரப் பாடுபட்ட டாமி டக்ளஸை 2004-இல் டிவி ஓட்டெடுப்பில் மாபெரும் கனடியர் என்று தேர்ந்தெடுத்தார்கள். இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியாது: வெளியே வாங்கும் மருந்துக்கும் பல்லுக்கும் கண்ணாடிக்கும் எங்களில் பலர் கம்பெனி காப்பீட்டைத்தான் நம்பியிருக்கிறோம்.

எங்களுக்குத் தெரியாதது எதுவென்றால், 65 வயதானால் அமெரிக்காவிலும் அரசுக் காப்பீடு உண்டு, 1965-இலேயே சட்டம் ஆகிவிட்டது. அதன் பெயரும் மெடிகேர்தான். எங்கள் திட்டத்தையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம். பணம் இல்லாதவனை அங்கே ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டுவிடுவார்கள் என்று எங்கள் தெருவில் பலர் நம்புகிறார்கள். அவசரத்துக்கு வந்தவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று 1986-இல் இருந்து அங்கே சட்டம் இருக்கிறது. பில் அப்புறம் வந்து ஆளைக் கொல்லும், அது வேறு விஷயம். இந்த மாதிரி பேசும் என் அண்டை வீட்டுக்காரரின் மனைவியே டெட்ராய்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விண்ட்சரில் இருந்து இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோதும் அவர்களை விட்டார்கள்.

2019 ஜூலையில் அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் நீரிழிவு நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி டெட்ராய்ட்டிலிருந்து எங்கள் ஊர் மருந்துக் கடைக்கு அழைத்து வந்தார். அப்போது இன்சுலின் இங்கே அவ்வளவு மலிவு. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அன்றைய பேச்சு உண்மையில் கனடாவைப் பற்றியது அல்ல. அது அமெரிக்காவுக்குள் நடக்கும் சண்டைக்கு எங்கள் கடையைக் காட்டிய காட்சி. நாங்களும் அதையேதான் செய்கிறோம். இங்கே மருத்துவத்தில் எதை மாற்றலாம் என்று யார் வாயைத் திறந்தாலும், "அமெரிக்கா மாதிரி ஆகிவிடும்" என்றால் போதும், பேச்சு அடங்கிவிடும். அங்கே யாராவது மாற்றலாம் என்றால் "கனடா மாதிரி ஆகிவிடும்". ஒருவருக்கு ஒருவர் பூச்சாண்டி.

என்னை நிஜமாகவே வாயடைக்க வைத்தது மகளின் பள்ளிக்கூட வேலை. எங்கள் ஊரில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அமெரிக்காவில் இருந்து தப்பி ஆற்றைக் கடந்து வந்த கறுப்பின அடிமைகளுக்காக 2001-இல் வைத்தது. அதன் மறுபாதி நேர் எதிரே டெட்ராய்ட் கரையில் நிற்கிறது. அங்கே உள்ள சிலைகள் எங்கள் பக்கம் பார்த்துக் கை நீட்டுகின்றன. அதைப் பார்க்கும் கனடியருக்கு நெஞ்சு நிமிராமல் இருக்காது. எனக்கும் நிமிர்ந்தது. மகள் நூலகத்தில் இருந்து கொண்டுவந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, "அப்பா, முதலில் இந்தப் பக்கத்தில் இருந்துதான் அந்தப் பக்கம் ஓடியிருக்கிறார்கள்" என்றாள்.

உண்மைதான். ஒன்டாரியோவில் 1793-இல் வந்த சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுத்ததே தவிர, ஏற்கெனவே இருந்தவர்களை விடுவிக்கவில்லை. அவர்கள் சாகும்வரை அடிமைகள். மிச்சிகன் பகுதியிலோ 1787 முதல் காகித அளவிலாவது அடிமைத்தனத்துக்குத் தடை. அதனால் எங்கள் கரையில் இருந்தவர்கள் டெட்ராய்ட்டுக்குத் தப்பினார்கள். கனடாவிலிருந்து ஓடி வந்தவர்களைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று 1807-இல் டெட்ராய்ட் நீதிபதி ஒருவர் தீர்ப்பே சொன்னார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பெரும்பகுதியில் அடிமைத்தனம் ஒழிந்த 1834-க்குப் பிறகுதான் விடுதலையின் கரை என்று எங்கள் கரைக்கு உறுதியாகப் பெயர் வந்தது. அதற்கு அப்புறமும், கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்ற ஏற்பாட்டில் ஒன்டாரியோவின் கடைசிப் பள்ளி எங்கள் எசெக்ஸ் கவுண்டியிலேயே 1965 வரை இருந்தது. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த விடுதிப் பள்ளிகளின் கதை தனி. அதை இந்தக் கடிதத்தில் அடக்க முடியாது.

இதெல்லாம் தெரிந்த பிறகு "நாங்கள் அப்படி இல்லை" என்று சொல்ல வாய் கொஞ்சம் தயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை தயங்கவில்லை, அது வேறு.

உங்களுக்கு எங்கள் நினைப்பே வராது என்றாயே, அதிலும் ஒரு திருத்தம் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் டெட்ராய்ட்டையே ஆட்டிவைத்த வானொலி விண்ட்சரில் இருந்து ஒலித்த சிகேஎல்டபிள்யூ. உன் பக்கத்து வீட்டுக்காரர் வயதில் இருப்பவர்கள் அதைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள். அது கனடா வானொலி என்று பலருக்குத் தோன்றியே இருக்காது. பார்க்காமல் இல்லை, பார்ப்பதை வேற்றுநாடு என்று எண்ணவில்லை. இது அலட்சியமா பாசமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

1969-இல் அன்றைய கனடா பிரதமர் பியர் ட்ரூடோ வாஷிங்டனில் போய், உங்கள் பக்கத்தில் வாழ்வது யானையோடு படுத்துத் தூங்குவதுபோல, அது எவ்வளவு சாதுவானாலும் அதன் ஒவ்வொரு அசைவும் எங்களுக்குத் தெரியும் என்றார். அதிலிருந்து எங்கள் பயமெல்லாம் யானை தூக்கத்தில் புரண்டுவிடுமோ என்பதுதான். 2025-இல் யானை கண் விழித்து எங்களைப் பார்த்து, கட்டிலே என்னுடையது என்றது. கனடா 51-ஆவது மாநிலமாம், பிரதமருக்குப் பதில் கவர்னராம், எங்கள் சரக்குக்குத் தலைக்கு மேல் வரியாம் என்று அதிபர் ட்ரம்ப் ஆரம்பித்தார். எங்களைக் கவனிக்க மாட்டேன் என்கிறார்களே என்று இத்தனை வருஷம் குறைப்பட்டோம். கவனித்ததும் குலை நடுங்கிவிட்டது.

அந்த மார்ச் 4-ஆம் தேதி ஒன்டாரியோ அரசு மதுக்கடைகளில் அமெரிக்கச் சரக்கை எடுத்துவிட்டார்கள். நான் போனபோது அலமாரியில் ஒரு வரிசை முழுக்கக் காலி. பெரியவர் ஒருவர் தேசபக்தியோடு கனடியன் கிளப் விஸ்கி பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். அதை எங்கள் ஊரில் ஆரம்பித்த ஹைரம் வாக்கர் ஓர் அமெரிக்கர் என்று சொல்ல நினைத்து, வாயை மூடிக்கொண்டேன். ஏப்ரலில் கனடியர்கள் காரில் அமெரிக்கா போய்வருவது முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஐம்பது வருஷமாக டைகர்ஸ் ஆட்டத்துக்குப் போன எங்கள் தெருத் தாத்தா போவதை நிறுத்தினார். டிவியில் பார்க்கிறார், அமெரிக்க தேசிய கீதம் வந்தால் மட்டும் சத்தத்தைக் குறைக்கிறார்.

அந்த நாட்களில் மிச்சிகன் வாடிக்கையாளர் கம்பெனியில் இருந்து ஓர் இன்ஜினியர் பட்டறைக்கு வந்தார். மோல்டைப் பார்த்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சிருங்க, எல்லாரும் அப்படி இல்லை" என்றார். நான், "நீங்கள் என்ன செய்வீர்கள்" என்றேன். மனசுக்குள் எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா? அந்தக் குளிர்ச்சியில்தான் ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டினார்.

ஜூன் கடைசியில் ஆற்றில் வாணவேடிக்கை. எங்கள் ஜூலை 1-க்கும் உங்கள் ஜூலை 4-க்கும் பொதுவாக, மிதவைகளில் இருந்து விடுவார்கள். 1959 முதல் நடக்கிறது, பெரும்பாலும் ஒரு திங்கட்கிழமை. டெட்ராய்ட் கட்டடங்களோடு சேர்த்துப் பார்க்க எங்கள் கரைதான் வசதி. உன் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா, பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம் என்று சொல். சோளக்கதிர் என் பொறுப்பு. ஜூனில் எங்கள் ஊர்க் கதிர் முற்றியிருக்காது, கடையில் கிடைப்பது அமெரிக்கக் கதிராகத்தான் இருக்கும். அதையே வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்
விண்ட்சர், ஒன்டாரியோ