ஷிராஸ் வீட்டம்மாவோட சாபம் கெட்ட வார்த்தை இல்லங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல உலகத்து வசவுகள் பத்தி வந்த கட்டுரையில ஈரானை நாலே வரியில முடிச்சு எல்லாத்தையும் கெட்ட வார்த்தை லிஸ்ட்ல தள்ளிட்டீங்க. நான் அந்த ஈரான்ல ஷிராஸ் ஊர்ல 2 வருஷம் ஒரு வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தவன், கீழ் வீட்டம்மா வாயைப் பத்தி தெருவுக்கே தெரியும், அதனால சொல்றேன். அங்க கெட்ட வார்த்தைக்கு 'ஃபோஹ்ஷ்', சாபத்துக்கு 'நெஃப்ரீன்', ரெண்டும் வேற. ஃபோஹ்ஷ் அவங்க வாயில ஒரு நாளும் வந்ததில்ல. நெஃப்ரீன் காலையில சமோவார் (டீக்கு வெந்நீர் போடற பாத்திரம்) கொதிக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும்.

'மொர்தேஷூர்'னா பிணத்தைக் குளிப்பாட்டுறவர். இலந்தை இலைத் தண்ணி, கற்பூரத் தண்ணின்னு ஊத்திக் கழுவுவாரு. 'உன்ன மொர்தேஷூர் தூக்கிட்டுப் போக'ன்னா நம்மூர் 'கட்டையில போறவனே'தான், வெயில் காலத்துல ஓடாம மக்கர் பண்ற கூலருக்கும் அதே சாபம்தான். 'பெதர் சூக்தே' இருக்கே, அப்பன் எரிஞ்சவன்னு அர்த்தம். எனக்கு மொதல்ல விளங்கவே இல்ல, எங்கப்பாவுக்கு நான்தானே கொள்ளி வெச்சேன், இதுல திட்டு எங்க இருக்கு? புதைக்கிற ஊர்ல எரியறதுன்னா நரகம்னு அப்புறம்தான் உறைச்சுது. அதையே பேரன் கன்னத்தைக் கிள்ளி கொஞ்சிட்டும் சொல்லுவாங்க, அதுதான் வேடிக்கை.

அந்தப் பய ஒரு நாள் ஊறுகா ஜாடியப் போட்டு உடைச்சிட்டான். 'ஜவூன்மர்க்'னு கத்த ஆரம்பிச்சாங்க, வாழற வயசுல சாவுன்னு அர்த்தம், அதை 'பெஷி'ன்னு முடிச்சா அப்படியே போயிடுன்னு சாபம். ஆனா முடிக்கறப்ப 'நஷி'ன்னாங்க, போயிடாதேன்னு! ஒரு எழுத்துதான் சார். கோவமும் கொட்டியாச்சு, புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. அஞ்சு நிமிஷம் கழிச்சு கண்ணாடித் துண்டைப் பொறுக்கிட்டே 'தர்தோ பலாத் பெ ஜூனம்'ங்கறாங்க, உன் வலியும் பீடையும் என் உசுருக்கு வரட்டும்னு. என்னப் பாத்து, "காக்கூ, செருப்பு போட்டுக்க, கால்ல குத்திடும்"னாங்க (காக்கூன்னா அங்க தம்பி, அண்ணாச்சி எல்லாம்).

உங்க கட்டுரையில இல்லாத ஒண்ணு இருக்கு, 'ஷீரமோ ஹலாலெத் நெமீகோனம்', எங்கிட்ட குடிச்ச பாலை உனக்கு ஹலால் ஆக்க மாட்டேன், அதாவது அந்தப் பால் கடனை மன்னிச்சு விட மாட்டேன்னு தாய் புள்ளைகிட்ட சொல்றது. அதுக்கு மேல அங்க சாபமே கிடையாது. அதை நான் ஒரே ஒரு தடவை கேட்டேன், வெளியூர்ல இருந்த பெரிய மகன்கிட்ட போன்ல சொன்னாங்க, குரலே உயர்த்தல. மறுநாள் பூரா அந்த வீட்டுல ஒரு வசவு சத்தமும் கேக்கல, சமோவாரையும் யாரும் பத்த வைக்கல.

இப்படிக்கு,
ஷிராஸ் மாடி வீட்டுப் பழைய குடித்தனக்காரன்,
திருநெல்வேலி